பட்டணத்தில் பள்ளி, லயத்தில் பிள்ளை!

தொழிலாளத் தோழர்களே! 1972இல் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா அமைந்தது. காடு வெட்டப்பட்டது, பண்டார் தெங்காரா எழுந்தது, இடைநிலைப்பள்ளியும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டுகிறதா?

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்றது. துரைமார் கொட்டகை போட்டார்கள். சில இடங்களில் கங்காணியே வாத்தியார், கிராணியே வாத்தியார்! (எங்கள் வர்க்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.) தமிழ்வழிப் படிப்பு ஆறாம் ஆண்டோடு சரி. அப்புறம் மலாய்வழி இடைநிலைப்பள்ளி. மலாய்மொழியில் தேறாதவனுக்கு முதலில் ஓராண்டு புதுமுக வகுப்பு. அந்த ஓராண்டிலேயே புத்தகப் பையை மூலையில் எறிந்த பையன்கள் எத்தனை பேர்! செக்ரோல் எழுதும் எங்களுக்குத் தெரியாதா?

பையனுக்குப் புத்தியில்லை என்கிறார்கள். பொய்! இருட்டிலேயே தாயும் தகப்பனும் பால்வெட்டப் போய்விடுகிறார்கள். பிள்ளையை பஸ் ஏற்றுவது யார்? மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வரும்படி குறைவு. பஸ்காரர் மழைக்காகக் கட்டணத்தைக் குறைப்பாரா?

நிர்வாகம் பள்ளி பஸ் விடட்டும், மழைநாளிலும் விடட்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் இதையே முதலில் எழுதுவோம். கிளைக் கூட்டத்துக்குத் தாய்மார்களும் வரவேண்டும்.