ஆழ்துளை மோட்டாரின் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு

கொங்கு நாட்டில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டுவது இப்போது செய்தியே அல்ல. பெருந்துறை வட்டாரத்தில் கீழ்பவானி வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடுகள் நீர்மூழ்கி மோட்டாரை நம்பித்தான் பிழைக்கின்றன. மோட்டார் பழுதானால் ஏற்றி இறக்கும் கூலியே விவசாயியின் கையைக் கடிக்கும். அந்த மோட்டாரின் ஆயுளை முடிவு செய்யும் இடங்களில் ஒன்று அவர் பார்க்கவே முடியாத ஓர் இணைப்பு.

நீர்மூழ்கி மோட்டார்கள் பலவற்றின் ரோட்டரில் தாமிர ராடுகளைச் செருகி, இரு முனையிலும் தாமிர வளையத்தோடு பற்றவைக்கிறார்கள். ஒரு ராடின் பிடிப்பு சரியில்லை என்றால் அங்கே மின்தடை கூடும். பக்கத்து ராடுகள் அதன் சுமையையும் தாங்கும். ரோட்டர் சுடும், அதிரும். மின்சாரமும் வீணாகும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், அந்த இழப்பு அரசின் கணக்கில் ஏறுகிறது.

சுடரும் சுருளும்

சிறு பட்டறைகளில் இந்த வேலைக்கு கேஸ் சுடர்தான் பழக்கம். வளையம் முழுக்க ஒரே சூடு ஏறியதா என்பது பற்றவைப்பவரின் கண்ணைப் பொறுத்தது. இதற்கு மாற்றான இண்டக்‌ஷன் முறையில் சுடரே கிடையாது. தண்ணீர் ஓடும் தாமிரக் குழாய்ச் சுருளில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாயும்போது, உள்ளே வைத்த உலோகத்திலேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி அது தானாகச் சிவக்கும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இதற்கும் அடிப்படை. தாமிரம் நல்ல மின்கடத்தி என்பதால் இரும்பைப் போல எளிதில் சூடேறாது. அதிகத் திறனுள்ள இயந்திரம் வேண்டும். ஆனால் திறனையும் நொடியையும் ஒருமுறை சரியாகக் குறித்துவிட்டால், நூறாவது ரோட்டருக்கும் முதல் ரோட்டரின் சூடே கிடைக்கும்.

தொழிலாளியின் நுரையீரலும் இதில் அடங்கியிருக்கிறது. பற்றவைக்க உருக்கும் சில வகை சில்வர் ராடுகளில் காட்மியம் கலந்திருக்கும். சூடு அளவு மீறினால் அது நச்சுப்புகையாகும். ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான பயன்பாடுகளில் இத்தகைய ராடுகளை 2011இல் தடை செய்தது. நாம் இன்னும் விலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தடை எங்கே?

இயந்திரத்தின் விலை முதல் தடை. அடுத்தது மின்கட்டணம். சில நொடிகளே முழுத்திறனில் ஓடும் இயந்திரத்துக்கும் இணைப்பின் அளவுக்கேற்ப நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு கோவைச் சிறுதொழில்கள் போராடியதற்கு இந்த நிலைக்கட்டணம் ஒரு முக்கியக் காரணம். மூன்றாவது தடை நம் ஊர் உப்புத் தண்ணீர். போர் தண்ணீரை அப்படியே சுருளில் விட்டால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். சுத்திகரித்த நீரைச் சுழற்ற வேண்டும். பொருளின் வடிவம் மாறினால் சுருளும் மாற வேண்டும். அன்றாடம் பல அளவில் ரிப்பேர் வேலை வரும் பட்டறைக்கு இன்றும் சுடரே ஏற்றது.

ஆகவே எல்லோரும் இயந்திரம் வாங்குங்கள் என்பது தீர்வாகாது. குறுந்தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பெருந்துறை சிப்காட்டில் பற்றவைப்புக்கென ஒரு மையம் அமையட்டும். சுருள் வடிவமைப்பையும் இணைப்புச் சோதனையையும் கொங்கு பொறியியல் கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகள் ஏற்கட்டும். அத்தகைய மையங்களுக்கு நிலைக்கட்டணத்தில் சலுகை தருவது அரசின் பொறுப்பு. இலவச மின்சாரத்தை வீணாக்கும் மோட்டாருக்கு ஆண்டுதோறும் செலவழிப்பதைவிட அது சிக்கனமானது.