பொம்மை எஞ்சின் எங்கே நிற்கிறது?

டோம்பிவிலியில் எங்கள் குடியிருப்புக்கு அடுத்த கட்டிடத்தில் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமைக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. பயர்மேனாக வேலைக்குச் சேர்ந்து, நிலக்கரி அள்ளிப் போட்டு, பிறகு டீசல், மின்சாரம் என்று எல்லா எஞ்சினையும் ஓட்டி முடித்து வீட்டில் உட்கார்ந்தவர். பேரனிடம் நீராவி எஞ்சினைப் பற்றிச் சொன்னால் அவனுக்குப் புரியவில்லையாம். நம் நாட்டு எஞ்சின்களுக்கு நல்ல மாதிரி கிடைப்பது அரிது. ஆகவே நகரத்துக் கடை ஒன்றில், பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்றை வரவழைத்துத் தரச் சொல்லி 2023 தீபாவளிக்கு முந்தின வாரம் முழுப் பணமும் கட்டினார். ரூபாய் 19,000. மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. பேரன் இப்போது கிரிக்கெட் மட்டையைத் தூக்கிவிட்டான்.

வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் காலத்தில் பொம்மை ரயிலுக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். பொம்மைதான். ஆனால் கொடுத்த பணம் பென்ஷன் பணம். இன்று பொம்மை எஞ்சின், நாளை தையல் மிஷின் மோட்டாராக இருக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு, 'வரும், வரும்' என்று சொல்கிற வழக்கம் ஒன்றேதான்.

ஏன் தாமதம் என்று விசாரித்துப் பார்த்ததில் கடைக்காரர் ஒருவரையே குறை சொல்வதற்கில்லை என்பதும் தெரிந்தது. இத்தொழிலில் சாமான் தயாராகும் முன்பே விளம்பரம் வந்துவிடுகிறது. இன்ன எஞ்சின் வரப்போகிறது என்று அறிவித்து, ஆர்டர் பிடித்து, அதற்குப் பிறகுதான் அச்சு செய்து வார்க்கிறார்கள். இங்கிலாந்தின் பிரபல ஹார்ன்பி கம்பெனி முன்பு மார்கேட் என்ற ஊரில் தானே செய்து வந்தது. 1990-களில் தயாரிப்பைச் சீனாவுக்கு மாற்றியது. அங்கே ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. தன் முறையைத் தவறவிட்டவர், லூப் லைனில் ஒதுக்கப்பட்ட கூட்ஸ் வண்டி மாதிரி காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹார்ன்பிக்குப் பெருமளவில் செய்து கொடுத்த சாண்டா கான் என்ற தொழிற்சாலையை 2008-ல் ஹாங்காங்கின் கேடர் கம்பெனி வாங்கியது. ஹார்ன்பியின் போட்டியாளரான பாக்மன், கேடருக்குச் சொந்தம்! சரக்கு சரிவர வராததால் லாபம் குறையும் என்று 2012-ல் ஹார்ன்பி பகிரங்கமாகவே அறிவிக்க நேர்ந்தது. உலகப் பெயர் பெற்ற கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், டோம்பிவிலி அண்ணாச்சி எம்மாத்திரம்?

அடுத்தது கடல். சீனாவில் பெட்டியில் அடைத்த எஞ்சின் இலங்கைக்குத் தெற்கே நம்மைத் தாண்டித்தான் ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே கிடங்கில் இறங்கி, மறுபடி நம் பக்கம் திரும்பி வருகிறது. வீட்டு வாசலில் இறங்காமல் டெர்மினஸ் வரை போய்த் திரும்பி வருகிற பிரயாணிக்கு ஒப்பு. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. நாள் கூடியது, கூலியும் கூடியது.

மூன்றாவது நம் வீட்டுச் சங்கதி. விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2020-ல் ஆணை பிறப்பித்தது; 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நல்ல ஆணை. இறக்குமதி பொம்மைகளை இந்தியத் தரக் கவுன்சில் 2019-ல் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. குழந்தை வாயில் வைக்கும் கிலுகிலுப்பையில் விஷச் சாயம் இருக்கலாமா? கூடாது. ஆனால் அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருள்களுக்கானது. எஞ்சின் மாதிரிகளின் பெட்டிகள் பலவற்றில் '14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு' என்றே அச்சிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் சுங்க அட்டவணையில் பொம்மையும் மூன்று சக்கரச் சைக்கிளும் அளவு மாதிரிகளும் ஒரே தலைப்பில், 9503-ல், அடக்கம். தலைப்பைப் பார்த்ததும் முத்திரை எங்கே என்ற கேள்வி எழுகிறது. வருஷத்துக்குச் சில எஞ்சின் விற்கிற நாட்டுக்காக எந்த அயல்நாட்டுத் தொழிற்சாலை லைசென்ஸ் வாங்கி, சோதனைக்கு ஆளை வரவழைக்கும்? தீர்வையும் சும்மா இல்லை. 20 சதவீதமாக இருந்ததை 2020 பட்ஜெட்டில் 60 ஆக்கினார்கள். 2023-ல் 70.

பிள்ளைகளின் பொம்மைக்குள்ள கெடுபிடி அப்படியே இருக்கட்டும். பெரியவர்களுக்கான அளவு மாதிரி என்று தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்தால் என்ன குடி முழுகிவிடும்? புணேயில் ஜோஷி அவர்கள் அமைத்த சிறு ரயில் காட்சியகம் 1998 முதல் நடந்து வருகிறது. அங்கே போய்ப் பார்த்தால் தெரியும், தலை நரைத்தவர்கள்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உள்நாட்டிலேயே செய்யலாமே என்பதும் நியாயமான கேள்விதான். 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து நிஜ டீசல் எஞ்சினை வரவழைத்த நாம், 1964-லேயே வாராணசியில் அதைச் செய்து காட்டினோம். கைக்கு அடங்கும் எஞ்சினை நல்ல தரத்தில் செய்ய யாராவது முன்வரட்டும். அதுவரை வழியை மறிக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு கடைக்காரரிடம் வருகிறேன். தொழிற்சாலையும் கடலும் கஸ்டம்ஸும் அவர் கையில் இல்லை. தகவல் சொல்வது அவர் கையில்தான் இருக்கிறது. பார்சல் ஆபீஸில் நான் தினமும் ரசீது எழுதுகிறேன். எடை, புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம் எல்லாம் அதில் உண்டு. வந்த சரக்கை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் வார்பேஜ் வசூலிக்கிறோம். ரயில்வேயிலும் சரக்கு தாமதமாகிறது, காணாமல்கூடப் போகிறது. இல்லையென்று சொன்னால் என் நண்பர்களே சிரிப்பார்கள். ஆனாலும் எங்கே நிற்கிறது என்று கேட்க ஓர் எண் இருக்கிறது. அண்ணாச்சியின் ரசீதில் தேதியும் தொகையும் தவிர ஒன்றுமில்லை. முதல் தடவை கேட்டபோது 'கப்பலில் இருக்கிறது' என்றார்கள். நாலு மாதம் கழித்துக் கேட்டால் 'இன்னும் தயாராகவில்லை' என்கிறார்கள். தயாராகாத எஞ்சின் கப்பலில் ஏறியது எப்படி?

"வண்டி லேட்டுன்னா போர்டுல எழுதிப் போடுவோம், தம்பி. இவங்க போர்டே வைக்கலை, பாத்தியா" என்றார் அண்ணாச்சி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முன்பணம் வாங்கும்போதே எந்தத் தேதி தாண்டினால் பணம் திரும்பும் என்று ரசீதில் எழுத வேண்டும். சாமான் வருமுன் முழு விலையும் கேட்கக் கூடாது. வாங்குகிற நாமும் எழுத்தில் கேட்டு வாங்கப் பழக வேண்டும். வெளிமாநிலத்தில் இருக்கிறோம், பாஷை போதாது, எதற்கு வம்பு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம்.

அண்ணாச்சி சென்ற திங்கட்கிழமை போன் செய்துவிட்டார். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் போயிருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான். பணமா, எஞ்சினா, எது வந்தாலும் இந்தப் பகுதியில் தெரிவிக்கிறேன்.