தெரிவு செய்தவன் எங்கே?



இம்மாதம் எழுதவிருக்கும் விடயத்தை நமது ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கினார். "வீட்டில் உம்மாமார், குமருப் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிற இதழ் இது" என்றார். வீட்டில் எல்லோரும் வாசிப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது என்றேன். பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி என்னைத் தேடி அலுவலகத்திற்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்பில் கட்டட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து நாலைந்து நாள் நின்று போவார். (யார் என்று தேட வேண்டாம். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எல்லோரும் போகும் வரை வாசல் வாங்கில் காத்திருந்தார். பிறகு உள்ளே வந்து கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்தார்.

கணவருடைய வட்ஸ்அப்பில் கிடந்தவற்றைத் தன் தொலைபேசியால் படம் பிடித்து வைத்திருந்தார். ஏழெட்டுப் பெண்களின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், ஒரு வயது, மணித்தியாலத்துக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை. கொழும்பில் எந்தப் பக்கம், அறை யாருடையது, முற்பணம் எந்த இலக்கத்துக்குப் போட வேண்டும் என்ற விபரங்களும் இருந்தன. அவர் ஒரு படத்தைக் காட்டி "இந்தப் புள்ள" என்று எழுதியிருந்தார். புடவைக் கடையில் துணி பார்ப்பதைப்போல.

அந்தச் சகோதரி அழவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் மிஸ். இந்தப் பொம்புள யாரு? எந்த ஊரு? எப்படிப்பட்டவள்?" என்று கேட்டார்.

ஒரு மணித்தியாலம் பேசினோம். நான் எண்ணிப் பார்க்கவில்லை என்றாலும் அந்தக் கேள்வி பத்துத் தடவையாவது வந்திருக்கும். கணவர் ஏன் இப்படிச் செய்தார் என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் கேட்கப் பழகியிருக்கிறோம். சட்டமும் அப்படித்தான் பழகியிருக்கிறது.

ஆங்கிலேயர் 1841 இல் இயற்றியது அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். பிச்சை எடுப்போர், தொழிலின்றித் திரிவோர், தெருவில் நிற்கும் பெண்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்ட சட்டம் அது. தெருவில் ஒழுங்கீனமாக நடந்துகொண்ட "விலைமகளுக்கு" 14 நாள் சிறை அல்லது 10 ரூபாய் தண்டம் என்று எழுதினார்கள். 1889 இல் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அது விடுதி நடத்துவோருக்கானது. வயது வந்த பெண்ணிடம் பணம் கொடுத்துப் போகும் ஆணைக் குற்றவாளி என்று சொல்லும் ஒரு பிரிவை இரண்டு சட்டத்திலும் நீங்கள் காண மாட்டீர்கள். பொது இடத்தில் அழைப்பது குற்றம் என்ற பிரிவு ஆண், பெண் இருபாலாருக்கும் பொருந்தும்படிதான் இருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் யார் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் களப்பயிற்சிக்காகக் கொழும்பில் ஒரு நீதிமன்றத்துக்குப் போய்வந்தேன். ஒரு காலையில் முந்திய இரவு பிடிக்கப்பட்ட பெண்களைக் கொண்டுவந்தார்கள். பதினொரு பேர். சிலர் சால்வையால் முகத்தை மூடியிருந்தார்கள். ஒருவருக்குக் கையில் பால்குடிப் பிள்ளை. வழக்கு எல்லாம் சிங்களத்தில் நடந்தது. என் பக்கத்தில் நின்ற பெண் மெதுவாக "தங்கச்சி, தமிழா?" என்றார். ஆம் என்றேன். "என்ன கேக்குறாங்க?" குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள் என்றேன். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுருவாங்களா?" தண்டப் பணம் கட்டினால் விடுவார்கள்போல என்றேன். "அப்ப ஒத்துக்குவன். மகன் ஸ்கூல் விட்டு வந்திருவான்."

அவர் மலையகத்துப் பெண். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, வேலை போய், வாடகை கட்ட முடியாமல் இதற்குள் வந்ததாகப் பிறகு வெளியில் வைத்துச் சொன்னார். அன்று அவரோடு அறையில் இருந்த மனிதரைப் பொலிஸார் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "அவரு பைக்குல போயிட்டாரு" என்றார். தண்டப் பணம் கட்டக் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடனை எப்படி அடைப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது. கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்பிள்ளைகள் அங்கே போனார்கள். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தபோது, வேலை இழந்த பெண்களில் ஒரு பகுதியினர் இந்தத் தொழிலுக்குள் தள்ளப்படுவதாகப் பெண்கள் அமைப்புகள் அப்போதே எச்சரித்தன. பருப்பும் பால்மாவும் என்ன விலைக்குப் போயின என்பது நமக்கு மறக்கவில்லைதானே? "எப்படிப்பட்டவள்?" என்ற கேள்விக்கு என்னிடமுள்ள பதிலில் பாதி இது.

மறு பாதி இதைவிடக் கசப்பானது. 2021 ஜூன் மாதக் கடைசியில் கல்கிசைப் பகுதியில் 15 வயதுச் சிறுமி ஒருவர் இணையத்தள விளம்பரங்கள் மூலம் விற்கப்பட்டது வெளியானது. நாட்டையே உலுக்கிய சம்பவம். அடுத்த சில வாரங்களுக்குள் 30 பேருக்கும் மேல் கைதானார்கள். விற்றவர், பிள்ளையைப் பெற்ற தாய், விளம்பரம் போட்ட தளங்களோடு தொடர்புடையவர்கள், இவர்களோடு பணம் கொடுத்து வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒரு பிரதேச சபையின் பிரதித் தலைவர், ஒரு மதகுரு, ஒரு வைத்தியர், வெளிநாடொன்றின் முன்னாள் அமைச்சர் என்று நாளுக்கு ஒரு செய்தியாக வந்தது. இவர்கள் யாரும் இருட்டில் திரிகிற ஆட்கள் அல்லர். வீடு வாசல், மனைவி மக்கள் உள்ளவர்கள்.

அந்த வழக்கில் வாங்கியவர்களும் ஏன் பிடிபட்டார்கள்? அந்தப் பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால். தண்டனைச் சட்டக்கோவையின் 360ஆ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பாலியல் தேவைக்குப் பெறப் பணமோ பொருளோ கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. 5 வருடம் முதல் 20 வருடம் வரை சிறை. இணையத்தில் வரும் அந்த விளம்பரங்களில் எல்லாப் பெண்களுக்கும் வயது இருபதுக்கு மேல்தான் போட்டிருக்கும். போட்டவர் யார்? விற்பவர். படம் அவளுடையதா, வயது அவளுடையதா, அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது அவள் கைக்குப் போகிறதா என்பது ஒன்றும் வாங்குகிறவருக்குத் தெரியாது. வயது வந்தவளைத்தான் தெரிவு செய்தேன் என்கிறார்கள். தெரிவு செய்தது ஒரு படத்தை.

படம் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. இந்த விளம்பரங்களில் வரும் படங்களில் ஒரு பகுதி முகநூலிலிருந்து திருடப்பட்டவை. ஒன்றும் அறியாத பிள்ளையின் கலியாண வீட்டுப் படம் ஒரு விலையோடு சுற்றித் திரியலாம். அப்படி ஏதும் நடந்தால், தயவுசெய்து முதலில் அந்தப் பிள்ளையை அடிக்காதீர்கள். விளம்பரத்தைத் திகதி, தள முகவரி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கணினிக் குற்றங்களுக்கென்று பொலிஸில் தனிப் பிரிவே இருக்கிறது. ஹிதவதி என்ற சேவையும் இணையத்தில் பெண்களுக்கு ஏற்படும் இத்தகைய தொல்லைகளில் உதவி செய்வதற்கென உருவாக்கப்பட்டது.

உலகத்தில் சில நாடுகள் இந்தத் தராசைத் திருப்பிப் பார்த்திருக்கின்றன. சுவீடன் 1999 இல் விற்கும் பெண்ணை விட்டுவிட்டு வாங்கும் ஆணைக் குற்றவாளியாக்கியது. நியூசிலாந்து 2003 இல் வேறு வழி போனது; இரு பக்கத்தையும் குற்றத்திலிருந்து நீக்கி, சுகாதாரம், வேலைப் பாதுகாப்பு என்று விதிகள் போட்டது. எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. சுவீடன் முறையில் தொழில் இன்னும் மறைவான இடத்துக்குப் போய்விடுகிறது என்கிறார்கள். நியூசிலாந்து முறையை நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆனால் 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு பால்குடிப் பிள்ளையோடு ஒரு பெண்ணைக் கூண்டில் நிறுத்துவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழுவும் 2017 இல் அந்தச் சட்டத்தை நீக்கும்படி இலங்கையைக் கேட்டது.

சட்டம் போகட்டும். என் முன்னால் இருந்த சகோதரிக்கு அன்று தேவைப்பட்டது வேறு.

"நீங்க ரத்தம் சோதிக்கணும்" என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நான் என்ன செஞ்சன்? நான் எதுக்கு அந்தக் கிளினிக்குக்குப் போகணும்?" அவர் கேட்டது முற்றிலும் நியாயம். ஆனால் கிருமிக்கு நியாயம் தெரியாது. கொழும்பில் தெரிவு செய்தவர் அதை வீட்டுக்கும் கொண்டுவரலாம். பஸ்ஸில் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் பெட்டியோடு. முன்பு 'பாதை'யில் ஏறித்தான் இந்த ஊருக்கு வரவேண்டும். 2009 இல் பாலம் திறந்த பிறகு கொழும்பு கிட்ட வந்துவிட்டது. நல்லதும் கெட்டதும் ஒரே பாலத்தால்தான் வருகின்றன.

சிபிலிஸ் என்ற நோயில் முதலில் வரும் புண் வலிக்காது, தானாகவே ஆறிவிடும். ஆறிவிட்டதென்று விட்டுவிடுவார்கள். நோய் உடம்புக்குள் வருடக்கணக்கில் இருக்கும். கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையையும் தாக்கும். நேரத்தோடு கண்டால் பென்சிலின் ஊசியோடு குணமாகும். எச்.ஐ.வி. தொற்றி உடனே சோதித்தால் இரத்தத்தில் தெரியாமல் போகலாம். அதனால் மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொல்வார்கள். இருப்பதாகத் தெரிந்தாலும் உலகம் அழிந்துவிடாது. ஒழுங்காக மருந்து குடிப்பவர்கள் சாதாரண வாழ்க்கை வாழ்கிறார்கள். தொடர்பு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் தொற்றைத் தடுக்கும் மருந்தும் உண்டு.

திருகோணமலை வைத்தியசாலையில் பாலியல் தொற்று நோய்களுக்கான சிகிச்சை நிலையம் இருக்கிறது. பணம் இல்லை. இரகசியம் காப்பார்கள். கணவன், மனைவி இருவருமே சிகிச்சை பெற வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். இது வெட்கப்பட வேண்டிய சோதனை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கில் உங்களுக்கு எடுத்த இரத்தத்தில் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் சேர்த்துத்தான் பார்க்கப்படுகின்றன. அப்படி எல்லாத் தாய்மாரையும் சோதித்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் பரவுவதை இல்லாமலாக்கிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்குச் சான்று தந்தது. மிட்வைபிடம் கையை நீட்டும்போது யாரும் வெட்கப்படவில்லையே.

குடும்பத்தைப் பிரிக்கும் யோசனையா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. அந்தச் சகோதரி காழி நீதிமன்றம் போவதா, மன்னித்து இருப்பதா என்பது அவருடைய முடிவு. பஸஹ் வழி இருக்கிறது என்பதைச் சொன்னேன், எப்படி என்றும் சொன்னேன். பேச ஆள் வேண்டுமென்றால் மகளிர் உதவிச் சேவையின் 1938 இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். சோதனை முடியும் வரை உங்களைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதை அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அதுதான் அவருக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அவர் தனியாகவே திருகோணமலைக்குப் போனார். உம்மாவுக்குக் கண் காட்டப் போவதாக வீட்டில் சொன்னாராம். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு வரச் சொல்லித் துண்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை அலுமாரியில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு வைத்திருக்கிறார்.

கணவர் பெருநாள் லீவில் வந்தபோது எல்லாவற்றையும் எடுத்து முன்னால் வைத்திருக்கிறார். அவர் முதலில் மறுத்தாராம், பிறகு கத்தினாராம், பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்தாராம். மூன்றாம் நாள் அவர் கேட்ட ஒரே கேள்வியை அந்தச் சகோதரி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"அந்தக் கிளினிக்குல நம்ம ஊர் ஆக்கள் யாரும் இருப்பாங்களா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"இருப்பாங்க, நானும் போனன்தானே எண்டு சொன்னன் மிஸ்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் போவதாக இருந்தது. போனார்களா என்று அவர் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.