பத்தாம் வகுப்பில் நான் நடத்தாமல் விட்ட பாடம்

இதைப் படித்துவிட்டு "சாருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். பரவாயில்லை. இனப்பெருக்கப் பாடம் வந்த ஒவ்வொரு வருஷமும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டியவன் நான். அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று ஆராய வேண்டாம்.) விறைப்பின்போது ஆணுறுப்பு ஒரு பக்கம் வளைகிறது, வலிக்கிறது, உள்ளே கட்டி போலத் தட்டுப்படுகிறது. ஒரு வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவர், "வாலிபத்தில் செய்த கைப்பழக்கம்" என்று மிரட்டி, லேகியத்துக்கு நாற்பதாயிரம் வாங்கியிருக்கிறார்.

அந்த மிரட்டல் பொய். இதன் பெயர் பெய்ரோனி நோய். 1743-லேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் லா பெய்ரோனி இதைப் பற்றி எழுதிவிட்டார். உறுப்பின் உள்ளே விரிந்து கொடுக்கும் உறை ஒன்று உண்டு. அதில் சின்னச் சின்னக் காயம் பட்டு ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு விரியாது, அதனால் அந்தப் பக்கம் வளைகிறது. இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் கட்டி எதுவானாலும் டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? ஓரளவு ஆகும். அந்த 'ஓரளவு' என்ற சொல்லைச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன். முதல் சில மாதங்கள் வலிக்கு மாத்திரை. வலி பெரும்பாலும் தானே அடங்கும், வளைவு அப்படி அடங்குவது குறைவு. வைட்டமின் ஈ வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2015-லேயே சொல்லிவிட்டது. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. இழுவைக் கருவி உதவும், ஆனால் மாதக்கணக்கில் தினமும் மாட்டப் பொறுமை வேண்டும்.

தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு 2013-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. வளைவு 30 டிகிரியாவது இருந்து, மேலும் கூடாமல் நின்றவர்களுக்கு அது. சோதனைகளில் சராசரியாக 34 சதவீதம் வளைவு குறைந்தது, மருந்தில்லா வெற்று ஊசியிலேயே 18. அதாவது 60 டிகிரி ஏறக்குறைய 40 ஆகும். உறை கிழியும் அபாயமும் உண்டு, ஆகவே பயிற்சி பெற்ற யூராலஜிஸ்ட் கையால் மட்டுமே. முழுசாக நேராகாவிட்டாலும், வலியில்லாமல் சேர்ந்திருக்க முடிந்தால் அது வெற்றிதான் என்பது என் கருத்து. வளைவு தொந்தரவு தராதவர்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை.

அவர் இப்போது மனைவியிடம் சொல்லிவிட்டார். கணவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று அந்த அம்மா ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

யூராலஜிஸ்டிடம் போகிறவர்கள், விறைப்பின்போது வீட்டில் போனில் எடுத்த படம் கொண்டு போங்கள், வளைவை அளக்க அது உதவும். டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கூச்சமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். இரவு பத்து மணி வரை விழித்திருப்பேன்.