வாயிலிலேயே முடிந்துவிடும் நேர்முகத் தேர்வு



வேலை கேட்டு வரும் பெண்ணிடம் எதைக் கேட்க வேண்டும்? படிப்பைக் கேட்கலாம், கைத்திறனைக் கேட்கலாம். 2023 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்குச் சென்ற சகோதரிகள் இருவரிடம் வாயிற்காவலர் கேட்டது ஒன்றே: "கல்யாணமாகிவிட்டதா?" ஆம் என்றார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளிக்கொணர்ந்தது.

சொல்லப்பட்ட காரணங்கள் என்ன? குடும்பப் பொறுப்பு, பேறுகாலம், விடுப்பு, தாலியும் மெட்டியும் உலோகம் என்பது! ஆனால் உற்பத்தி நெருக்கடியில் ஆள் போதாதபோது இதே விதி தளர்த்தப்பட்டது என்றும் அச்செய்தி கூறுகிறது. அப்போது மட்டும் தாலி உருகிப் போயிற்றா?

2022இல் நேர்ந்த குறைகளைச் சரிசெய்து வருவதாக நிர்வாகம் சொன்னது. புதிதாக எடுத்தோரில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என்று அரசிடம் தெரிவித்தது. உள்ளே போனவர்களின் கணக்கு இது. வாயிலோடு திரும்பியவர்களின் கணக்கு எங்கே? அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சூழ்ச்சியே இதுதான்!

ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மணமான ஆணை எந்தக் காவலராவது திருப்பி அனுப்பினாரா?

இது வெல்ல முடியாத வழக்கல்ல. ஆயுள் காப்பீட்டுக் கழகம் வேலைக்கு வந்த பெண்களிடம் மாதவிலக்கையும் கருவுற்ற விவரத்தையும் படிவத்தில் கேட்டது. அக்கேள்விகளை நீக்குமாறு 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே காகிதம் இருந்தது, சாட்சி சொன்னது. வாயிலில் வாய்ச்சொல்தானே!

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீசிட்டிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வேலை தேடிப் போகும் நம் பெண்களுக்கு இதில் பாடம் உண்டு. பிழைக்க வந்த ஊரில் யாரைக் கேட்பது என்று வாய்மூடித் திரும்பாதீர்கள். மெட்டியைக் கழற்றி ஒளிக்காதீர்கள். எந்த வாயில், எந்த நாள், கேட்டது யார், கேட்ட சொல் எது என்று அன்றே குறித்துச் சங்கத்தில் கொடுங்கள்.

நம் கோரிக்கை இரண்டே: தேர்வு விதிகளை வாயிலில் எழுதி ஒட்டு! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு! காவலர் சொன்னாலும் ஏஜெண்டு சொன்னாலும் அது முதலாளியின் சொல்லே.

வீட்டிலும் ஒரு கேள்வி: "கல்யாணமானவளுக்கு வேலை எதற்கு?" என்று நாமே கேட்டுக்கொண்டு, ஆலைக்காரனை எப்படித் தட்டிக் கேட்பது?