குரலை உயர்த்தினால் கேட்குமா?



மத்ரஸா மண்டபமொன்றில் மூன்று வகுப்புகள் ஒரே நேரத்தில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் உஸ்தாத் குரலை உயர்த்தினால் அடுத்தவரும் உயர்த்துவார். சற்று நேரத்தில் மூவரும் சத்தமிடுவார்கள். பிள்ளைகளின் காதில் எதுவும் விழாது. இருபது வருடங்களாக வகுப்பு நடத்தும் எனக்கு இது நன்கு தெரிந்த விடயம். ஆயினும் என் வீட்டு வைஃபை ரவுட்டர் விடயத்தில் இதை மறந்துபோனேன். அதனால் அடுத்த வீட்டார் பட்ட சிரமத்தை இம்மாதம் உங்களிடம் சொல்கிறேன். உங்களிலும் சிலர் இதே தவறை அறியாமல் செய்துகொண்டிருக்கலாம்.

எங்கள் ஒழுங்கையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. மகளின் உயர்தர இணையவழி வகுப்பு மேல்மாடி அறையில் இடையிடையே அறுந்துபோனது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'பவர்' என்பதை உச்சத்துக்கு ஏற்றினேன். சனல் அகலம் 20 என்றிருந்ததை 40 ஆக்கினேன். பெரிய எண் என்றால் நல்லதுதானே என்ற நினைப்பு! போனில் சிக்னல் கோடுகள் நிறைந்தன. வகுப்போ முன்னையை விட மோசமானது.

அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு ராத்தா என் மனைவியிடம் வந்து கவலைப்பட்டார். கட்டாரில் தொழில் செய்யும் அவரது கணவர் இரவில் வீடியோ அழைப்பில் வருவார். சின்ன மகன் வாப்பாவின் முகத்தைக் காண்பது அந்த அரை மணி நேரம்தான். இப்போது முகம் அசையாமல் நிற்கிறது, குரல் துண்டு துண்டாக வருகிறது என்றார்.

என்னிடம் ஓதிய தம்பியொருவர் இப்போது வலையமைப்பு வேலை செய்கிறார். அவரை அழைத்தேன். போனில் ஏதோ பார்த்துவிட்டு, "ஹஸரத், சத்தம் போடுறது நீங்கதான்" என்று சிரித்தார். அவர் விளக்கியதன் சாரம் இதுதான்.

வைஃபை என்பதும் ஒரு வானொலியே. பழைய ரவுட்டர்கள் யாவும் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் சனல்கள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டுள்ளன. ஆனால், ஒரு ரவுட்டர் பேசுவதற்கு ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் இடம் வேண்டும். ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றுமே ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்து வீடு 6 இல் இருந்தது. நானோ 8 இல், அதுவும் 40 அகலத்தில்! அவர்களுடைய இடத்தின் மேலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் ஒரே சனலில் இருந்தாலாவது ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருப்பார். வைஃபையின் ஒழுங்கு அப்படி. சனல் அரைகுறையாக மேற்பட்டால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சலாகிவிடும். எனவே 1, 6, 11 மூன்றிலும் ஆள் இருந்தால், நடுவில் 3 அல்லது 8 ஐத் தேடாதீர்கள். மூன்றில் அமைதி கூடியதைத் தெரிவுசெய்து, முறை வைத்துப் பேசுங்கள்.

பவரை ஏற்றியும் என் மகளுக்குப் பயன் கிடைக்காதது ஏன்? வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் உரத்துப் பேசினால் போனுக்குக் கேட்கும். சிறிய பற்றரியில் இயங்கும் போனின் மெல்லிய குரல் ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே! கோடுகள் காட்டுவது ரவுட்டரின் குரலை மாத்திரமே.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை:

முதலில், இப்போதுள்ள எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிழைத்தால் திரும்பிவர அது உதவும்.

2.4 இல் அகலத்தை 20 ஆக வையுங்கள். பவரை நடுத்தரத்துக்குக் குறைத்துப் பாருங்கள். 3 டெசிபல் குறைத்தால் வலு பாதியாகும். சிறிய வீட்டுக்கு அது பெரும்பாலும் போதும்.

ரவுட்டரும் போனும் 5 கிகாஹேர்ட்ஸை ஏற்குமானால், அருகிலுள்ளவற்றை அதற்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. நெருக்கமான வீடுகளுக்கு அந்தப் பலவீனமே நன்மை. அதில் 36 முதல் 48 வரையான சனல்கள் இலகுவானவை. 52 முதல் 144 வரையானவற்றில் ராடார்களுக்கே முன்னுரிமை. அங்கு ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பின்னரே பேசத் தொடங்கும்; ராடார் கேட்டால் விலகிவிடும். அவ்வேளை வைஃபை சற்று மறைந்தால் பதற வேண்டாம்.

நாடு என்ற இடத்தில் இலங்கையையே வையுங்கள். கூடுதல் பவருக்காக வேறு நாட்டைக் குறிப்பது முறையல்ல. இங்கு மீடிறன்களை ஒழுங்குபடுத்துவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

ரவுட்டரைக் குசினியில் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹேர்ட்ஸிலேயே வேலை செய்கிறது.

தூர அறைக்கு எட்டாவிட்டால், வயர் இழுத்து அங்கே இன்னொரு அணுகற் புள்ளியை வையுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு சனல் கொடுத்து, இரண்டின் பவரையும் குறையுங்கள். பவர் கூடினால் போன் தூரத்திலுள்ளதையே பற்றிக்கொண்டிருக்கும், பக்கத்திலுள்ளதற்கு மாறாது. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் இதையே கவனிக்க வேண்டும்.

தம்பி எங்கள் ரவுட்டரை 11 க்கு மாற்றி, மேல்மாடிக்கு வயர் இழுத்து, அங்கு சிறியதொன்றைப் பொருத்தி 1 இல் விட்டார். பக்கத்து வீட்டுக்கு 6 முழுதாகக் கிடைத்தது. மகளின் வகுப்பு இப்போது அறுவதில்லை. அன்றிரவு சுவருக்கு அப்பால் சின்னவன் வாப்பாவிடம் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

சுவர் நம்முடையது, காற்று எல்லோருக்கும் பொதுவானது. அடுத்த முறை ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கும்போது, எண்ணைக் கூட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முடிந்தால் கதவைத் தட்டி, "உங்களுடையது எந்தச் சனல்?" என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.