கை விடாத அம்பு

போன வாரம் பாங்க்கில் எனக்கு ஒரு மானக்கேடு. செக்கில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார். செக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஸார், கையெழுத்து டாலி ஆகலை. பின்னாடி இன்னொரு தடவை போடுங்க."

முப்பது வருஷமாக நான் போடுகிற கையெழுத்து. தூக்கத்தில் தட்டி எழுப்பிப் பேனாவைக் கொடுத்தாலும் போடுவேன். ஆனால், 'இந்தத் தடவை சரியாகப் போட்டாகணும்' என்று நினைத்தேன் பாருங்கள், அந்த விநாடியே கை மக்கர் பண்ணிவிட்டது. முதல் எழுத்துக்கு அப்புறம் சுழி மேலே போகுமா, கீழே போகுமா? கடைசிக் கோடு எந்தப் பக்கம்? நாலாவது தடவை போட்டது, என் கையெழுத்தை யாரோ ஃபோர்ஜரி பண்ணியது போலவே இருந்தது. க்யூவில் எனக்குப் பின்னால் நின்றவர் பலமாகப் பெருமூச்சு விட்டார்.

"யோசிக்காமப் போடுங்க ஸார்" என்றார் அந்தப் பெண், பரிதாபப்பட்டு.

யோசிக்காமல் எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தபோதுதான் எனக்கு எரிக் பிரிஸ்டோ ஞாபகம் வந்தது.

பிரிஸ்டோ கிரிக்கெட் பேர்வழி இல்லை. டார்ட்ஸ் ஆடியவர். டார்ட்ஸ் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் ரிக்ரியேஷன் ரூமில், கேரம் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் அநாதையாகத் தொங்கும் அந்த வட்டப் பலகைதான். பலகையில் இருக்கும் ஓட்டையைவிடச் சுவரில் ஓட்டை அதிகம் இருக்கும். இங்கிலாந்தில் அது பிழைப்பு ஸார். பீர்க் கடைகளில் வளர்ந்த விளையாட்டு, டி.வி.க்குள் போய், லட்சக்கணக்கில் பவுண்டு புரளும் தொழிலாகிவிட்டது.

ஆட்டம் கேட்பதற்கு எளிது. ஏழே முக்கால் அடி தள்ளி நின்று குட்டி அம்பை எறியணும். 501ல் ஆரம்பித்து, எடுக்கும் பாயின்ட்டைக் கழித்துக்கொண்டே வந்து கரெக்டாக பூஜ்யத்தில் முடிக்கணும். அதுவும் கடைசி அம்பு, ஓரத்தில் இருக்கும் 'டபுள்' வளையத்திலோ நட்டநடுவில் இருக்கும் 50 பாயின்ட் 'புல்'லிலோதான் குத்த வேண்டும். 20ஆம் நம்பரின் 'ட்ரிபிள்' கட்டத்தில் குத்தினால் 60. மூன்று அம்பும் அங்கேயே போனால் 180. அந்தக் கட்டத்தின் உயரம் எவ்வளவு தெரியுமோ? 8 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. கொஞ்சம் பக்கவாட்டில் விலகினால் 20க்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 1. பேராசைக்காரனைத் தண்டிப்பதற்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து நம்பர் போட்டிருக்கிறார்.

* * *

பிரிஸ்டோ லண்டன்காரர். 1957ல் பிறந்தவர். அப்பா சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். பையன் பதினாலு வயசில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டார். சின்ன வயசில் திருட்டு, அடிதடி என்று சகவாசம் சரியில்லை என்பதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். சரியாக இருந்தது ஒன்றே ஒன்று. அம்பு. சுண்டுவிரலை மட்டும் ஸ்டைலாகத் தூக்கிக்கொண்டு, டீக்கோப்பை பிடிக்கும் சீமாட்டி மாதிரி எறிவார். போய்க் குத்தும்.

1980, 81, 84, 85, 86 என்று ஐந்து தடவை உலக சாம்பியன். வாய் அதிகம். எதிராளியை முறைப்பார், சீண்டுவார், ஜெயிக்கப்போவது நான்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஜெயிப்பார். கூட்டம் கூச்சல் போட்டால் இன்னும் குஷி. சிட் வாடெல் என்று ஒரு டி.வி. வர்ணனையாளர். கேம்பிரிட்ஜில் சரித்திரம் படித்தவர். ஜெயிக்க இனி நாடு இல்லையே என்று அலெக்சாண்டர் 33 வயசில் அழுதான், பிரிஸ்டோவுக்கு 27தான் ஆகிறது என்று ஒரு போடு போட்டார். ஒரு பலகையில் குட்டி அம்பு எறிகிறவருக்கு!

திமிருக்கு விலையும் கொடுத்திருக்கிறார். 1983 ஃபைனலில் எதிராளி கீத் டெல்லர், 23 வயசுப் பையன், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்தவன். பிரிஸ்டோவுக்கு 50 பாக்கி, கையில் ஒரே அம்பு. நடுப் புள்ளியைக் குத்தினால் அந்த ஆட்டம் முடிந்தது. குத்த முயற்சிகூடச் செய்யவில்லை. பையனுக்கோ 138 பாக்கி. 'இவனாவது, மூணு அம்பில் 138 எடுக்கிறதாவது' என்று, அடுத்த முறை சவுகரியமாக முடிக்கலாமென்று 18ஐ எடுத்து 32 வைத்துக்கொண்டார். பையன் 60, 54, 24 என்று மூன்றே அம்பில் முடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆபீஸில் ஜூனியர்தானே என்று அலட்சியமாக இருக்கும் சீனியர்கள் இந்தப் பாராவைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

* * *

1986 கடைசியில்தான் அது நடந்தது. எறிவதற்குக் கையைத் தூக்கினார். பின்னால் இழுத்தார். முன்னால் கொண்டுவந்தார். அம்பு போகவில்லை. விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி இழுத்தார். மறுபடி வரவில்லை.

கையில் வலி இல்லை. சுளுக்கு இல்லை. டீ டம்ளரைப் பிடித்தால் கை ஒழுங்காகப் பிடிக்கிறது, விடச் சொன்னால் விடுகிறது. அம்பை மட்டும் விடமாட்டேன் என்கிறது. லட்சம் தடவை செய்த காரியம்! 'டார்ட்டைட்டிஸ்' என்று இதற்குப் பேரே இருக்கிறது. டிக்‌ஷனரியில்கூட ஏறிவிட்டது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் இதன் பங்காளி வியாதி ஒன்று வருவதுண்டு. கொஞ்சம் நரம்புச் சமாசாரம், கொஞ்சம் பயம், எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்கிறார்கள். தானாக நடந்துகொண்டிருந்த வேலையில் மூளை மூக்கை நுழைத்து, 'இரு, நான் மேற்பார்வை பார்க்கிறேன்' என்று கிளம்பினால் வந்தது வினை. எந்த ஆபீஸிலும் இதுதானே கதை! 2017ல் பெர்ரி வான் பியர் என்ற டச்சு இளைஞர், டி.வி. காமிரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பை விடமுடியாமல் மேடையில் அழுதுவிட்டார்.

பிரிஸ்டோ வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. இழுத்து இழுத்து, திணறித் திணறி எறிந்தார். அந்தக் கையோடு 1987, 89, 90, 91 என்று இன்னும் நாலு முறை உலக ஃபைனல் வரை வந்தார் என்றால் நம்புவீர்களா? நாலிலும் தோற்றார். உலகக் கோப்பை மறுபடி அவர் கைக்கு வரவேயில்லை.

* * *

நான் சொல்ல வந்தது இந்தத் தோல்விகளில் ஒன்றைப் பற்றி.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற ஊர் பீங்கான் சாமான்களுக்குப் பேர் போனது. அங்கே பர்ஸ்லெம் என்ற பேட்டையில் பிரிஸ்டோ ஒரு பீர்க் கடை நடத்திவந்தார். தன் பட்டப் பெயரான 'க்ராஃப்டி காக்னி'யையே கடைக்கும் வைத்திருந்தார். 'லண்டன் கில்லாடி' என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தெரு தள்ளிக் குடியிருந்த ஃபில் டெய்லர் என்ற ஆள் அங்கே வந்து அம்பு எறிவார். டெய்லருக்கு என்ன உத்தியோகம்? டாய்லெட் பேப்பர் மாட்டுகிற பீங்கான் கைப்பிடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சம்பளம் வாரத்துக்கு 52 பவுண்டு. கல்யாணமாகிக் குழந்தைகள் வேறு. வயசு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஆளிடம் என்னமோ இருக்கிறது என்று பிரிஸ்டோ கண்டுகொண்டார். 80களின் கடைசியில் சுமார் பத்தாயிரம் பவுண்டைக் கடனாகக் கொடுத்து, "வேலையை விடு. எறி" என்றார். நம் ஊரில் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, 'வேலையை விட்டுட்டுக் கேரம் ஆடு, செலவு என்னுது' என்று யாராவது சொன்னால் அவர் பெண்டாட்டி விளக்குமாற்றைத் தேடமாட்டாளா? டெய்லர் விட்டுவிட்டார். காலை முதல் ராத்திரி வரை எறிந்தார்.

வாத்தியார் இதமானவர் இல்லை. போட்டியில் இரண்டாவதாக வந்தேன் என்று டெய்லர் போன் செய்தால், ஜெயிச்சப்புறம் கூப்பிடு என்று டொக்கென்று வைத்துவிடுவாராம். டெய்லரே சொன்னது.

1990 ஜனவரி. லேக்ஸைட் அரங்கில் உலகப் போட்டி. டெய்லர் பேரில் பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 125 தருகிறோம் என்று புக்கிகள் சிரித்தார்கள். இந்த ஆள் ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு ஃபைனலுக்கு வந்தார். எதிரே யார்? பணம் கொடுத்த முதலாளியேதான். 6-1. முதலாளி அவுட்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இங்கே கடாவுக்குத் தீனியும் போட்டு, கொம்பையும் சீவிவிட்டு, மார்பையும் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் பிரிஸ்டோ. தன் விரல் அம்பை விடமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இன்னொருவன் விரலுக்குப் பணம் கட்டினார் என்பதை மறந்துவிடாதீர்கள். வைத்த சொத்தெல்லாம் நம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பீரோச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வோம். ஃபைலைப் பூட்டி வைப்போம். 'எனக்குத் தெரிஞ்சது எனக்கு மட்டும்' என்று உட்கார்ந்துகொள்வோம். இந்த வாயாடி, கர்வி, முன்கோபி அதைச் செய்யவில்லை.

அவரை மகானாக்கவும் நான் தயாரில்லை. 2016ல், சின்ன வயசில் பாலியல் கொடுமைக்கு ஆளான கால்பந்து வீரர்களைப் பற்றி ட்விட்டரில் கேவலமாக எழுதி, டி.வி. வேலையை இழந்தார். இழக்க வேண்டியதுதான். ஒரே ஆளிடம் இதுவும் இருந்தது, அதுவும் இருந்தது.

டெய்லர் அப்புறம் நிற்கவில்லை. 1995 முதல் 2002 வரை தொடர்ந்து எட்டு வருஷம் உலக சாம்பியன். மொத்தம் 16 பட்டம். 1997ல் ஒரு உலக செமி ஃபைனலில் குருவும் சிஷ்யனும் மறுபடி மோதினார்கள். குருவுக்கு 39 வயசு, பழைய விரல் வியாதி. ஆனாலும் கடைசி செட் வரை விடவில்லை. 5-4ல்தான் தோற்றார். பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள்.

2018 ஜனவரி 1. டெய்லரின் கடைசி ஆட்டம். அதுவும் உலக ஃபைனல். 57 வயசு சக்கரவர்த்தியை 7-2 என்று வீழ்த்தியவர் ராப் கிராஸ். அதற்கு முந்தின வருஷம்தான் முழுநேரமாக ஆட வந்த எலெக்ட்ரீஷியன்! பீங்கான் தொழிலாளி கையிலிருந்து ஒயர்மேன் கைக்குப் போனது. 2025ல் லூக் லிட்லர் 17 வயசில் உலக சாம்பியனாகி 5 லட்சம் பவுண்டு வாங்கினார். நமக்கு அந்த வயசில் கிடைத்தது ப்ளஸ் டூ மார்க் ஷீட்டும் அப்பாவின் முறைப்பும்.

டெய்லர் ஓய்வு பெற்ற மூன்றே மாதத்தில், 2018 ஏப்ரல் 5 அன்று, லிவர்பூலில் ஒரு போட்டிக்கு வந்திருந்த பிரிஸ்டோவுக்கு மாரடைப்பு. 60 வயசில் போய்விட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அரங்குக்குச் செய்தி வந்தது. மொத்தக் கூட்டமும் அவர் பேரைச் சொல்லிப் பாடியதாம்.

* * *

எனக்கும் ஒரு பிரிஸ்டோ இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் செக்‌ஷன் ஹெட் கிளார்க். நோட் எழுதுவது எப்படி, எந்த ஃபைலை உடனே மேலே தள்ளணும், எதை 'பேசவும்' என்று எழுதித் திருப்பணும், எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. டிபார்ட்மென்ட் பரீட்சைக்குத் தன் பழைய நோட்ஸைத் தூசி தட்டிக் கொடுத்தவரும் அவர்தான். "நான் மூணு தடவை எழுதி விட்டுட்டேன். நீ எழுதித் தொலை தம்பி" என்றார். எழுதினேன். பாஸானேன். சில வருஷம் கழித்து அதே செக்‌ஷனுக்கு சூப்பரின்டென்டென்டாக வந்து உட்கார்ந்தேன். அவர் அதே நாற்காலியில்.

முதல் நாள் முதல் ஃபைலை அவர்தான் கொண்டுவந்தார். பிரித்து வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டி, "இங்கே ஸார்" என்றார்.

தம்பி, ஸாராகிவிட்டான்.

பேனாவைத் திறந்தேன். கை நகரவில்லை. முழு செக்‌ஷனும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போடுப்பா. நோட் எழுதினது நான்தானே. தப்பு இருக்காது" என்றார்.

போட்டேன். அன்றைக்குப் போட்ட அதே கையெழுத்தைத்தான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் போய் டாலி ஆகலை என்கிறார் அந்தப் பெண்!

அவர் ரிடையராகி ரொம்ப வருஷமாகிறது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவரிடம் 'தாங்க்ஸ்' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகலாமென்று இருக்கிறேன்.

பாங்க்குக்குத் திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம்.